முழு மாத்திரை

அந்த வீட்டில் காலையில் பத்து நிமிடம் அமைதி உண்டு. தியானத்துக்காக ஒதுக்கிய நேரமில்லை அது. வாயாடியின் நாக்குக்கு அடியில் மாத்திரைத் தூள் கரையும் நேரம். கரையும்வரை பேசக்கூடாது, விழுங்கவும் கூடாது. அவளுடைய அண்ணன் பேப்பரைப் பிரித்துக்கொண்டு, "இந்த வீட்டுக்குக் கிடைச்ச ஒரே லீவு இதான்" என்பார். பதில் சொல்ல முடியாத தங்கை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி ஆட்டித் திட்டுவாள். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள்.

வாயாடி என்ற பெயர் பட்டறையில் வைத்தது. பஸ் சீட்டுகளுக்கும் சோபாக்களுக்கும் குஷன் போடும் பட்டறை அது. ஏழெட்டுத் தையல் மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும் இரைச்சலிலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். வாடிக்கையாளரோடு பேசுவாள், யாரும் இல்லாவிட்டால் நூலோடு பேசுவாள். ரெக்சின் சுருங்கினால் அதன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கட்டிய கணவன் கெட்ட காலம் தொடங்கிய வருடமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றி மட்டும் அவள் அதிகம் பேசுவதில்லை. பேசும் அளவுக்கு அதில் விஷயம் இல்லை என்பாள்.

கெட்ட காலம் ஒரு பஸ் சீட்டின் இரும்புச் சட்டத்தில் தொடங்கியது. அடுக்கி வைத்திருந்த சட்டங்களில் ஒன்று சரிந்து அவள் வலது தோளில் விழுந்தது. ஆபரேஷன் நடந்தது. வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது வலியை மட்டும் எடுக்கவில்லை, வீட்டுக் கவலை, தூக்கமின்மை, எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தது. சில மாதங்களில் மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். அவளால் நிறுத்த முடியவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருத்துவர் சீட்டு இல்லாமலே கொடுக்கும் ஒரு மருந்துக் கடை இருந்தது. வலிக்காகப் போட்டது போய், போடாவிட்டால் வரும் வலிக்காகப் போட வேண்டியதாயிற்று. வேலை போனது. அண்ணியின் வளையல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எடுத்தது யார் என்று யாரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. அண்ணி பல மாதம் அவளோடு பேசவில்லை. ஆனால் ஒரு வேளைகூட அவள் தட்டை எடுத்து வைக்காமல் இருந்ததில்லை.

இரண்டு முறை விட்டாள். முதல் முறை, கதவைப் பூட்டி வைக்கும் ஓர் இல்லத்தில் சில வாரம் இருந்து, வெறும் மன உறுதியோடு வீட்டுக்கு வந்தாள். எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு ஓய்ந்த சில நாளில் அவள் கால்கள் அந்தக் கடைக்குப் போயின. இரண்டாம் முறை ஒரு மருத்துவமனையில் நாக்குக்கு அடியில் வைக்கும் இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தாள். நன்றாக இருக்கிறாளே, இனி இது எதற்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, அவளும் நம்பி நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஒரு நாள் குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. புதிதாக எதையும் அவள் போட்டிருக்கவில்லை, பழைய மாத்திரையைப் பழைய அளவில்தான் போட்டிருந்தாள். விட்டிருந்த காலத்தில் உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருந்தது, அவ்வளவுதான்.

பிழைத்து வந்தவளிடம் போதை சிகிச்சை மையத்தின் பெண் மருத்துவர் சொன்னது ஒன்றே. "இந்தத் தடவை நிறுத்தற அவசரம் யாருக்கும் வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம்."

அவசரப்படாமல் இருந்ததில் பல வருடம் ஓடிவிட்டது. எத்தனை வருடம், எத்தனை நாள் என்று யாராவது கேட்டால் வாயாடிக்குக் கோபம் வரும். "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன், எண்ணிக்கிட்டு இருக்க?" என்பாள். பட்டறை முதலாளி அவளைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார். தையல் நேராக வருகிறதா என்று தான் பார்த்துக்கொள்வதாகவும் மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். தோள் வலி முழுசாகப் போகவில்லை. மிஷினில் உட்காரும் முன் சுவரில் கையை ஊன்றிச் சில அசைவுகள் செய்வாள், கனத்தைத் தூக்க மாட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகும் தெருவை விட்டுவிட்டுச் சுற்றி நடப்பாள். சுற்றுவழிதான், ஆனால் செருப்புத் தேய்வதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மையத்து பெஞ்சில் லாரிக்காரர் என்று ஒருவர் பழக்கமானார். நெடுந்தூரம் ஓட்டிய காலத்தில் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். அவளைத் தங்கச்சி என்பார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பார்.

ஒரு முறை ஏதோ அமைப்பின் ஆட்கள் வந்து, மேடையில் ஏறித் தான் திருந்திய கதையைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். வாயாடிக்கு மேடை என்றால் கொள்ளை ஆசை என்பதால் ஒத்துக்கொள்வாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ, "திருந்தறதுக்கு நான் என்ன பரீட்சைப் பேப்பரா? உடம்பு சரியில்லாம போச்சு, வைத்தியம் பாத்துக்கறேன். அதுக்கு எதுக்கு மாலை?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

மாத்திரைப் பெட்டியின் சாவி அண்ணியிடம் இருந்தது. தன்னையே நம்ப முடியாத ஆரம்ப நாட்களில் அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னது வாயாடிதான். யாரும் மாத்திரையைத் துப்பிச் சேர்த்து வைக்கக்கூடாது என்பதற்காக, அதைப் பொடியாக்கித் தரும்படி மையத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணி இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, அந்தத் தூளைக் காகிதத்தில் கொட்டி எடுத்து வருவாள். முதலில் வாயாடியின் எதிரிலேயே செய்வாள். போகப்போகச் சமையலறையிலேயே செய்து கொண்டுவந்தாள். யாரும் பார்க்காமல் வளர்ந்த பழக்கம் அது.

அந்த வருடம் அண்ணன் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா போனில் நயமாகப் பேசினாள். பேச்சோடு பேச்சாக, உங்கள் தங்கை அந்தக் காலத்தில் ஏதோ சிகிச்சையில் இருந்ததாகக் கேள்விப்பட்டோம், இப்போதும் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். அண்ணன் சட்டென்று, "எல்லாம் விட்டாச்சுங்க" என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்தவர் வெகு நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பொய் சொன்னவர்கள் இரண்டு காரியம் செய்யலாம்: திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அல்லது அதை உண்மையாக்கப் பார்க்கலாம். அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அவளுக்கே தெரியாது, தெரியவரும்போது அவளே சந்தோஷப்படுவாள் என்று மனைவியிடம் சொன்னார். அண்ணி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு தினமும் மாத்திரையின் ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளி வைக்கத் தொடங்கினாள். தூள் குறைந்து தெரியக்கூடாது என்று, தான் எலும்புக்காகப் போடும் வெள்ளை மாத்திரையைப் பொடித்து அந்த இடத்தை நிரப்பினாள். கசப்பு குறைந்திருக்கிறதே என்று வாயாடி ஒரு நாள் கேட்டபோது, கம்பெனி மாறியிருக்கும் என்றாள்.

முதலில் கொட்டாவி வந்தது. சாதாரணக் கொட்டாவி இல்லை, தாடை கழன்று விழும் கொட்டாவி. பிறகு மூக்கு ஒழுகியது. வெயில் நேரத்தில் கையில் மயிர் குத்திட்டு நின்றது. படுத்தால் கால் நிற்காமல் உதறியது. வயிறு கலங்கியது. வாயாடி சளி என்று நினைத்து வெந்நீர் குடித்தாள். ஆனால் மிஷினில் உட்கார்ந்தால் சீட்டின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங் நாடா பாம்பு மாதிரி வளைந்து ஓடியது. இந்தப் பட்டறையில் அது அவள் கையெழுத்து, எப்போதும் ரூல் பிடித்தாற்போல் நேராக இருப்பது. முதலாளி ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரித்துவிடும்படி மட்டும் சொன்னார். துணி வெட்டுகிறவர் அப்படி விடவில்லை.

"என்ன, மறுபடி ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஏதோ நையாண்டி செய்தாள். வெளியே அப்படிச் சொன்னாலும் உள்ளே அந்தக் கேள்வி உட்கார்ந்துகொண்டது. நான் எதையும் தொடவில்லையே, ஆனால் உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? எனக்குள்ளேயே ஏதோ திரும்பி வருகிறதோ? ஒருவேளை ஊரில் சொல்வதுதான் உண்மையோ, இது கடைசிவரை விடாதோ? இந்த எண்ணம் வந்த பிறகு அடுத்த எண்ணத்துக்குத் தூரம் அதிகமில்லை. ஒன்றே ஒன்று போட்டால் இந்த உதறல் அடங்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீ வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் பட்டறையிலிருந்து இறங்கினாள். கவனித்தபோது சுற்றுவழியில் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், அந்த மருந்துக் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கடையில் புதுப் பலகை, அதே ஆள். அவன் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், பழைய வாடிக்கையாளரைப் பார்க்கும் மரியாதையோடு. இந்த முறை விழுந்தால் கதவை உடைக்க ஆள் இல்லாமல் போகலாம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தும் கால் நகரவில்லை. போனை எடுத்து லாரிக்காரருக்குப் போட்டாள்.

"கடைக்கு எந்தப் பக்கம் நிக்கற?" என்று கேட்டார் அவர்.

"எதிர்ப்பக்கம்."

"நல்லது. அந்தப் பக்கமாவே மையத்துக்கு நட. போனை வைக்காதே தங்கச்சி. என்ன வேணா திட்டு, ஆனா நடந்துக்கிட்டே திட்டு."

அவள் நடந்துகொண்டே திட்டினாள். தோளைத் திட்டினாள், முதல் டாக்டரைத் திட்டினாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவனைத் திட்டினாள், வெட்டுகிறவரைத் திட்டினாள், லாரிக்காரரையே திட்டினாள். அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளை மிதித்து வந்து, மையத்து வாசலில் அவளைப் பிடித்தார்.

மருத்துவர் அவள் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நாடி பிடித்தார். எதையாவது போட்டாயா என்று குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. சோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அங்கேயே ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து பெஞ்சில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்தில் கையில் குத்திட்டு நின்ற மயிர் படிந்தது. வயிறு அடங்கியது. அடங்கிய பிறகுதான் வாயாடிக்கு நிஜமான பயம் வந்தது. இங்கே வைத்த மாத்திரை வேலை செய்கிறது என்றால், வீட்டில் வைத்தது என்ன?

நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் யார் தருகிறார்கள், பொடியாக்குவதை நீங்கள் பார்க்கிறீர்களா என்று கேட்டாள்.

வாயாடி சிரித்தாள். "எங்க அண்ணி ஒரு துகள் கீழ சிந்தினாலும் தொடைச்சு எடுத்துக் குடுக்கற ஆளுங்க."

"இருக்கட்டும். நாளைக்குக் காலையில பக்கத்துல நின்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸ் எழுந்து போனாள்.

மறுநாள் காலை வாயாடி வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து சமையலறைக் கதவருகில் நின்றாள். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மேடையில் இரண்டு ஸ்பூன்கள். ஒன்றில் பாதிக்கும் குறைவாக உடைத்த மாத்திரை. பக்கத்தில் எலும்பு மாத்திரையின் டப்பா, மூடி திறந்தபடி.

அண்ணி திரும்பினாள். எதையும் மறைக்கப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் வாயாடி.

"ரொம்ப நாளாயிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைச்சேன். உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதை என் வாய்க்குள்ள போடறதுக்கு முன்னாடி என்கிட்ட கேக்கணும் அண்ணி."

அண்ணி அழவில்லை. பல வருடமாக அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். தினமும் காலையில் சாவியை எடுக்கும்போது தனக்குக் குளியலறைக் கதவு ஞாபகம் வருகிறது என்றாள். இந்தப் பெட்டி வீட்டில் இருக்கும்வரை அந்தக் கதவும் தன்னோடு இருக்கிறது என்றாள். ஒரு நாளாவது இதைத் தொடாமல் எழுந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா என்று கேட்டாள். வாயாடி கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க. இத்தனை வருஷம் நீங்க சுமந்ததே பெருசு. இனிமே நான் வச்சுக்கறேன். நீங்க நிம்மதியா எழுந்திருங்க."

அண்ணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். வாயாடி பெட்டியைத் திறந்து, ஒரு முழு மாத்திரையை எடுத்து மேடையில் வைத்தாள். அதற்குள் அண்ணன் பேப்பரோடு வந்து நின்றார். விஷயம் உடைந்துவிட்டதென்று பார்த்தவுடன் புரிந்துகொண்டு, தான்தான் சொன்னதாக ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னதையும் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள், அன்று ஒரு நாள் மட்டும் அவள் பட்டறையில் இருந்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இது அப்பா கட்டின வீடு அண்ணா. பாதி என்னோடது. அந்தப் பாதியில ஹாலும் வருது."

"பொண்ணு வாழ்க்கைடி."

"தெரியும். என் வாழ்க்கையும் வாழ்க்கைதான். நேத்து நான் அந்தக் கடை எதிர்ல நின்னேன். நீங்க கிள்ளிக் கிள்ளி என்னை அங்க கொண்டுபோய் நிறுத்தினீங்க. உள்ள போயிருந்தா ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கு நீ வேற சேதி சொல்லியிருக்கணும்."

அண்ணன் சுவரில் சாய்ந்தார். அவருக்கு இது தெரியாது. நன்றாக இருக்கிறாளே என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"நீதான் நல்லா இருக்கியே, அதனாலதானே..." என்று இழுத்தார்.

"பஸ் சீட்டு நல்லா இருக்குன்னு யாராவது உள்ள இருக்கற ஸ்பிரிங்கை உருவுவாங்களா? அது அடியில இருக்கு, அதனால சீட்டு சீட்டா இருக்கு."

"அப்போ காலம் பூரா இதானா?"

"தெரியாது. நானும் டாக்டரும் என்னைக்காவது பேசிக் குறைக்கலாம்னு நெனச்சா குறைப்போம். அது எனக்குத் தெரிஞ்சு நடக்கும். நீ அவங்களுக்குக் குடுத்த வாக்குக்காக நடக்காது. போனைப் போடு."

அண்ணன் போடவில்லை. அவள் மாத்திரையைப் பொடிக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாக்குக்கு அடியில் வைத்துவிட்டால் பேச முடியாது, பேச வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. அவர் போடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னாலேயே தான் சொல்லப்போவதாகவும், தனக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது என்பது அவருக்கே தெரியும் என்றும் சொன்னாள். அந்தப் பயம்தான் வேலை செய்ததோ என்னவோ, அண்ணன் போட்டார். தான் அன்று சொன்னது சரியில்லை என்றும் தங்கை இப்போதும் மருந்து எடுத்துக்கொள்கிறாள் என்றும் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். அந்தப் பக்கம் அவளிடம் பேச வேண்டும் என்றார்கள்.

"இப்பவும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க. நாளைக்கும் சாப்பிடுவேன். வேலைக்குப் போறேன், வீட்டுல இருக்கேன். வேற என்ன கேக்கணுமோ கேளுங்க, சொல்றேன்."

வேறு எதுவும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடம் தட்டிப்போனால் அதற்குக் காரணம் அவள்தான் என்றார். அவள், போனால் போகட்டும் என்றாள். அதற்குமேல் தன்னிடம் கொடுக்க எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டு, முழு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ஹாலின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தாள்.

அந்த இடம் தட்டித்தான் போனது. பையனுக்கு வேறு ஊரில் வேலை மாற்றம் என்று ஒரு காரணம் சொல்லி அனுப்பினார்கள். நிஜமான காரணம் எது என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அண்ணனுக்கு இருந்தது. அவர் தங்கையோடு பேசுவதை நிறுத்தினார். வாயாடி வீட்டை விட்டுப் போகவில்லை. அறைக்குள் போய்ச் சாப்பிடவும் இல்லை. அதே மேஜையில், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பட்டறைக் கதை, பஸ் கதை, லாரிக்காரருடைய பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொன்னாள். அவர் பேசாத பங்கையும் சேர்த்து அவளே பேசினாள். மருத்துவர் அளவைப் பழையபடி ஏற்றிச் சில வாரங்களில் பைப்பிங் நேரானது. துணி வெட்டுகிறவர் ஒரு நாள் அவள் மிஷின் பக்கம் வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம், அந்த ஃபோமை மட்டும் ஒழுங்காக வெட்டிக் கொடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டாள்.

அண்ணி சில காலம் காலையில் வெறுங்கையோடு எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பிறகு நடக்கப் போனாள். திரும்பி வரும்போது முகம் சிவந்து, பசியோடு வந்தாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின் நடுவே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அண்ணன் கேட்டார்: "காலையில போட்டியா?"

மாதக்கணக்கில் அவர் பேசிய முதல் பேச்சு அது. அண்ணி கையை அப்படியே நிறுத்தினாள்.

"போட்டேன்," என்றாள் வாயாடி. "இனிமே அதைக் கேக்கற வேலை உனக்கு இல்ல. தண்ணியை இந்தப் பக்கம் தள்ளு."

அவர் தள்ளினார்.